எட்டு வாரத்தில் ஓர் ஊர் தீர்ந்துவிடுமா?

கேள்வி: பள்ளத்தூரில் வாக்கப்பட்டு இருபது வருஷமாகிறது. எங்கள் பக்கத்து வார இதழ் ஒன்றில் வாரம் ஒரு பக்கம், ஐந்நூறு சொல் அளவில் எழுத ஒத்துக்கொண்டேன். வளவு வீடு (நடுமுற்றம் வைத்த வீடு), ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிப்பது), செட்டிநாட்டுச் சாப்பாடு, பிள்ளையார்பட்டி, கண்டாங்கிச் சேலை, கண்ணதாசன், கல்யாணச் சடங்கு, பர்மா வாழ்க்கை என்று எட்டு வாரம் ஓடிவிட்டது. ஒன்பதாவது வாரம் பேனாவை எடுத்தால் ஒன்றும் வரவில்லை. மூட் வரட்டும் என்று காத்திருந்து, புதன்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு எதையோ எழுதி அனுப்புகிறேன். படித்தவர்கள் "நல்லாருக்கு, ஆனா எல்லாம் தெரிஞ்சதுதானே" என்கிறார்கள். வாராவாரம் எழுத விஷயத்துக்கு எங்கே போவது? குறிப்பெடுக்க நோட்டு நல்லதா, செல்போனா? எங்கள் அயித்தையின் பெட்டியில் பழைய சிட்டைகள் (கணக்கு, சாமான் எழுதின தாள்கள்) கிடக்கின்றன. அதிலிருந்து ஏதாவது எடுக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பள்ளத்தூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு விஷயம் தீரவில்லை. எட்டு வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். "ஆத்தங்குடிக் கல்" என்பது ஒரு கட்டுரைக்கான விஷயமே இல்லை, அது பெயர்ப்பலகை. ஐந்நூறு சொல்லுக்குள் அதை முழுசாகச் சொல்லப் போனால் கண்ணாடி, சிமென்ட், மணல், சாயம், கைவேலை என்று ஆளாளுக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். அதற்குமேல் இடம் இல்லை. "தெரிஞ்சதுதானே" என்று உங்கள் வாசகர்கள் சொல்வது நியாயம்தான்.

அதே கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் சாயம் கலந்த சிமென்ட் கூழை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமென்ட்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுகிறார்கள். அதன் மேல் ஈரக் கலவையை வைத்து அழுத்தி மட்டம் தட்டுகிறார்கள். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போகிறது. சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. இது வரைக்கும் நீங்களே எழுதியிருப்பீர்கள். இனிமேல்தான் விஷயம். வேலை முடிகிறபோது அந்தத் தொழிலாளியின் கண்ணுக்குத் தெரிவது கல்லின் முதுகுதான். முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு குப்புறக் கிடக்கிறது. பூ சரியாக விழுந்ததா, சாயம் ஒன்றோடொன்று கலங்கிற்றா என்பது கண்ணாடி கழன்ற பிறகுதான் தெரியும். தன் வேலையின் முகத்தை நாள் கழித்துப் பார்க்கிற ஆள் அவர். இது ஒரு வாரத்துக்கு. நடுவில் அந்த உலர்ந்த பொடி எதற்கு? கூழில் மிஞ்சிய ஈரத்தை அது உறிஞ்சாவிட்டால் பூவின் ஓரங்கள் கரைந்து ஓடிவிடும். பொடி தூவுகிற கையின் பதம் இன்னொரு வாரத்துக்கு. அச்சே இல்லாமல் கைவாக்கில் பூப்போடுகிறவர் ஒருவர். எழுபது வருஷத் தரையில் ஒரே ஒரு கல் உடைந்தால் அந்தச் சாயத்துக்கு எங்கே போவது என்பது ஒன்று. தரையை ஏன் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறார்கள் என்பது ஒன்று. எண்ணிப் பாருங்கள், கல் ஒன்றிலேயே ஐந்து வாரம் இருக்கிறது. உங்கள் பட்டியலில் இன்னும் ஏழு பெயர்ப்பலகைகள் பாக்கி.

ஆகவே முதல் மாற்றம் அளவில். தலைப்பைச் சொன்னதும் அந்தப் பொருளைச் சுட்டுவிரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும். "வளவு வீடு" என்றால் முடியாது. "வளவின் நாலு மூலையிலும் மழைத்தண்ணீர் இறங்குகிற இடம்" என்றால் முடியும்.

அடுத்தது, இப்படிப்பட்டவை வந்து சேர்வதற்கு ஒரு ஏற்பாடு. உங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. லேவாதேவிக் கடைகளில் அன்றன்றைய வரவு செலவு, நடந்த வரிசைப்படியே குறிப்பேட்டில் ஏறும். பிறகு அது பேர்வாரியாகப் பிரிந்து பேரேட்டுக்குப் போகும். கடைசியில் ஐந்தொகை எடுத்து நிலவரம் பார்ப்பார்கள். எழுதுகிறவருக்கும் இதே மூன்று வேலைதான். பலர் குறிப்பேடு மட்டும் வைத்துக்கொண்டு, அதைத் திருப்பிப் பார்க்காமல் விட்டுவிட்டு, "குறிப்பெடுத்தும் பயனில்லை" என்கிறார்கள். பேரேட்டில் ஏறாத குறிப்பு தூங்குகிற பணம் மாதிரி.

குறிப்பேட்டுக்கு ஒரு சாதாரண 80 பக்க நோட்டு போதும். அழகான அட்டை போட்ட டைரி வேண்டாம். அதில் கிறுக்கக் கை கூசும், கூசினால் எழுத மாட்டீர்கள். வலப்பக்கம் மட்டும் எழுதுங்கள், இடப்பக்கம் காலியாக இருக்கட்டும். தினம் மூன்றே வரி, ஏழெட்டு நிமிஷம். நாலாவது வரி எழுத ஆசை வந்தாலும் எழுதாதீர்கள். முதல் வாரம் மூன்று பக்கம் எழுதி, மூன்றாவது வாரம் நோட்டையே காணாமல் போட்டவர்கள் நிறையப் பேர். ராத்திரி படுக்கப்போகும் முன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், தூக்கம் ஜெயிக்கும். தானாக நடந்துவிடுகிற ஒரு வேலையோடு அதை முடிச்சுப் போடுங்கள். மத்தியானம் அடுப்படி ஒழித்ததற்கும் நாலு மணிக் காபிக்கும் நடுவில் என்றால் பெரும்பாலான வீடுகளில் தடங்கல் குறைவு.

மூன்று வரி எப்படி இருக்க வேண்டும்? "இன்று ஓலைக் கொட்டான் முடைவதைப் பார்த்தேன். நம் பெண்களின் கைத்திறன் வியக்க வைத்தது" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதிலிருந்து ஒரு சொல்கூடத் தேறாது. வியப்பைக் குறித்துவைத்தீர்களே தவிர, வியந்த பொருளை வைக்கவில்லை. இப்படி எழுதுங்கள்: "ஓலையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஏழு ஓலை உருவி, இரண்டைத் தள்ளிவிட்டார். 'காஞ்சா ஒடிஞ்சு போகும்' என்றார்." மூன்றும் சின்ன வரிகள். பொருளின் சொந்தப் பெயர் ஒன்று, எண்ணிக்கை ஒன்று, வாயிலிருந்து வந்த சொல் ஒன்று இருக்கின்றன. இந்த மூன்றும் இருந்தால் குறிப்பு கெடாது. அந்த இரண்டு ஓலையை ஏன் தள்ளினார் என்று அப்போது கேட்க மறந்திருப்பீர்கள். அதைத்தான் இடப்பக்கத்தில் எழுத வேண்டும். இடப்பக்கம் முழுக்கக் கேள்விகள். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது உங்களுக்கு அங்கே ஒரு வேலை இருக்கும்.

செல்போனைத் தள்ளச் சொல்லவில்லை. சந்தையில் நின்றுகொண்டு நோட்டை விரித்தால் பேசுகிறவர் வாயை மூடிக்கொள்வார். அங்கே போன்தான் சௌகரியம். வெளியே வந்ததும் முப்பது விநாடிக்குக் குரலில் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கே நோட்டில் ஏற்றிவிட வேண்டும். போனில் மட்டும் வைத்தால் நானூறு படம் சேரும், எது எந்த வீட்டு நிலைக்கதவு என்று தெரியாது. படம் எடுத்தால் அதில் தெரியாததைக் குறியுங்கள்: வாடை, சத்தம், கனம், யார் என்ன சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் பேரேட்டுக்கு. இன்னொரு நோட்டில் நாலு பக்கத்துக்கு ஒரு தலைப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "பண்பாடு", "பாரம்பரியம்" என்றெல்லாம் தலைப்பு வைத்தால் எல்லாக் குறிப்பும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒன்றும் பிரியாது. உங்களுக்குப் பொருந்தக்கூடியவை: அளவு, விலை, வழக்கொழிந்த சொல், பூட்டிய வீடு, கைப்பக்குவம், பழுது பார்ப்பது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள், நல்ல கட்டுரைகள் பலவும் அங்கிருந்துதான் கிளம்பும். வாரத்துக்கு இருபத்தொரு வரி சேர்ந்தால் மூன்று தேறினால் போதும். ஒரு தலைப்பின் கீழ் நாலைந்து பதிவு சேர்ந்துவிட்டால் அது எழுதப் பதமாகிவிட்டது என்று அர்த்தம். இதற்கு மூட் தேவைப்படாது. மாதக் கடைசியில் ஐந்தொகை: எது நிறைந்திருக்கிறது, எது காலி? "விலை" காலியாக இருந்தால் அடுத்த மாதம் எங்கே போனாலும் விலை கேட்டுக்கொண்டு வாருங்கள்.

"அளவு" என்று சொன்னேன். உங்கள் வீட்டு வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் செய்முறையை எழுதாதீர்கள், ஊரெல்லாம் கிடைக்கிறது. பச்சரிசியைப் படியில் தலைதட்டி அளந்து, அதே படியின் மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து, "இவ்வளவுதான் உளுந்து" என்று பெரியவர்கள் காட்டுவார்களே, அந்தக் கோபுரத்தை மட்டும் எழுதுங்கள். அரிசிக்குத் தனி அளவு, உளுந்துக்குத் தனி அளவு என்று இல்லாமல், ஒன்றின் தலையில் ஒன்றாக ஏன் வந்தது? படி பெரிசானால் கோபுரமும் தானே பெரிசாகிறது. உழக்கில் செய்தாலும் கல்யாணத்துக்குச் செய்தாலும் கணக்குப் போடாமலே விகிதம் ஏறத்தாழ நிற்கிறது. கோபுரம் சற்றே கூடிப்போனால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் விறைத்துக்கொள்ளும். உளுந்து பழசாக இருந்தால் கோபுரத்தைக் கொஞ்சம் உயர்த்துகிறவர்கள் உண்டா? மெஷரிங் கப்பில் அளக்கிற மருமகள் இதை எத்தனை கிராமாக எழுதி வைத்திருக்கிறாள்? ஒரு தராசை எடுத்துக்கொண்டுபோய் மூன்று வீட்டில் மூன்று ஆச்சிமாரைக் கோபுரம் வைக்கச் சொல்லி நிறுத்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தாலும் கட்டுரை, வேறாக இருந்தாலும் கட்டுரை.

இதில் கேட்கும் முறைதான் முக்கியம். "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு ஆச்சி?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒரு காலம்" என்ற பதில் வரும். நீங்களும் அதையே எழுதுவீர்கள். நினைவு கையில்தான் தங்குகிறது. கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே கேளுங்கள். "எண்ணெய் காஞ்சிருச்சுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?", "இந்தக் கரண்டி எப்ப வந்தது, யார் கொடுத்தது?" கரண்டி யார் கொடுத்தது என்று தொடங்கினால் கல்யாணம், பங்கு, பினாங்குக்குப் போன அண்ணன் என்று தானே அவிழும். ஒரு தடவைக்கு இருபது நிமிஷத்துக்குமேல் உட்காராதீர்கள். முதல் நாள் ரெக்கார்டரை நீட்ட வேண்டாம். இரண்டாம் நாள் அனுமதி கேட்டுவிட்டு வையுங்கள். ஒரே சங்கதியை இன்னொரு வீட்டிலும் விசாரியுங்கள். முரண்பட்டால் ஒன்றைத் தள்ளிவிடாமல் இரண்டையும் போடுங்கள், யார் சொன்னது என்று சேர்த்து.

அந்த ஆச்சிமாரோடு நின்றுவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் எட்டுக் கட்டுரைகளின் தலைப்பைப் பார்த்தால், வீட்டுக்குச் சொந்தக்காரர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். கட்டினவர், இழைத்தவர், நெய்தவர், சமைத்தவர், இன்றைக்குச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாரம் ஒரு தடவை வந்து அறைகளைத் திறந்து காற்றாட விடுகிறவர் யாரும் தனியாக வரவில்லை. அந்தச் சாவிக்கொத்தில் எத்தனை சாவி, எது எதற்கென்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்பது ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

இனி அயித்தையின் பெட்டி. சகோதரி, புதையலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா பிள்ளையார்பட்டிக்குப் போனீர்கள்! கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று மற்றவர்கள் குப்பையில் போடுவதையும் சேர்த்துவைத்தார். 1992-ல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பை அடித்தளமாக வைத்து 1994-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. அதே கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகத் தேசம் தேசமாகப் போய், யார் யாரோ எடுத்து எங்கெங்கோ கிடந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். படம் 1940-ல் வந்தது. இரண்டு பேரும் செய்தது, பிறர் கவனிக்காமல் விட்டதைக் குனிந்து எடுத்தது. உங்களுக்குக் குனிய வேண்டிய தூரம் அயித்தையின் பெட்டி வரைக்கும்தான்.

பெட்டியைத் திறந்ததும் எல்லாவற்றையும் படிக்க உட்காராதீர்கள், திகட்டிவிடும். ஒரு தடவைக்கு ஒரு தாள். முறைச்சிட்டை ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்குக் கொடுத்த சாமான்களின் வரிசை. முதலில் அதை அப்படியே, எழுத்துப்பிழையோடு, பழைய எண் குறிகளோடு நகலெடுங்கள். பிறகு அதில் உங்களுக்குப் பெயர் தெரியாத பொருள்களை மட்டும் கோடிடுங்கள். தெரிந்ததை வைத்து எழுதுவதைவிடத் தெரியாததைத் தேடி எழுதுவது சுலபம், நம்பினால் நம்புங்கள். கோடிட்டதில் ஒரே ஒரு பொருள்தான் அந்த வாரத்துக்கு. எனாமல் தூக்கு என்றால், உங்கள் வீட்டில் இப்போது இருக்கிறதா, அடியில் எந்த நாட்டு முத்திரை, சில்லு எங்கே பெயர்ந்திருக்கிறது, எதை வைக்கப் பயன்பட்டது? அப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதிப் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நடை. அதே தூக்கு அங்கே என்ன விலைக்கு நிற்கிறது, யார் வாங்குகிறார்கள், அதில் செடி வைக்கிறார்களா, விளக்கு மாட்டுகிறார்களா? சிட்டையின் வரிக்கும் கடையின் விலைச்சீட்டுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் அறுபது வருஷம் இருக்கும். நீங்கள் அதை வாய்விட்டுச் சொல்லவே தேவையில்லை. இரண்டையும் அருகருகே வைத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் கடன் கணக்கு, பாகப்பிரிவினைத் தாள், வழக்குக் கடிதம் வந்தால் அதை எழுத்துக்கு எடுக்காதீர்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கலாம். உங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள். ஊரும் தெருவும் நிலைக்கதவின் சிற்பமும் சொன்னால் எந்த வீடு என்று மலேசியாவில் இருக்கிறவருக்கும் தெரிந்துவிடும். ஒரு கட்டுரைக்காக உறவு அறுந்தால் அடுத்த பத்துக் கதவும் உங்களுக்கு மூடிக்கொள்ளும்.

வாட்ஸாப்பில் வரும் ஊர்ப்பெருமைகளையும் அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். "சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு பூசினார்கள்" என்று நீங்களும் எழுதியிருக்கலாம், எல்லாரும் எழுதுகிறார்கள். அதையே கேள்வியாக்குங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைப் பிடித்து, சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைக்கிறார், எதை எதைச் சேர்க்கிறார், கடுக்காயும் வெல்லமும் எதற்கு, வெள்ளைக்கரு எந்தப் பூச்சில் வருகிறது, ஒரு சுவருக்கு எத்தனை முட்டை என்று கேளுங்கள். எண் கேட்டால்தான் கதைக்கும் வேலைக்கும் வித்தியாசம் தெரியும்.

திருவிழா, நோன்பு பற்றி எழுத ஒரு சின்னத் தந்திரம் உண்டு. திருக்கார்த்திகை கழிந்து 21-ஆம் நாள் வருகிற பிள்ளையார் நோன்பைப் பற்றி அன்றைக்குப் பார்த்து அன்றைக்கே எழுதினால், இதழ் வரும்போது நோன்பு முடிந்திருக்கும். படிக்கிறவருக்கு ஆறின சோறு. இந்த வருஷம் பார்த்ததைக் குறித்துவையுங்கள்: 21 இழையை யார் எண்ணித் திரிக்கிறார்கள், மாவைப் பிடிக்கிற விரல், ஊரில் இல்லாத பிள்ளைக்கு யார் இழை (மாவில் வைத்து ஏற்றி விழுங்குகிற திரி) எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த வருஷம் நோன்புக்கு இரண்டு வாரம் முன்பு எழுதுங்கள். நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல், பழநிக் காவடி, ஆடிக்கூழ் எல்லாவற்றுக்கும் இதேதான். 52 வாரத்தில் பத்துப் பன்னிரண்டு வாரத்தைப் பஞ்சாங்கமே நிரப்பிவிடும்.

மூட் விஷயம். அது எழுத உட்கார்ந்து பத்து நிமிஷம் கழித்து வருவது, முன்னால் வருவதில்லை. புதன்கிழமை ராத்திரியில் நீங்கள் மூடுக்காகக் காத்திருக்கவில்லை, பயத்துக்காகக் காத்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை இருபது நிமிஷம், கடிகாரம் வைத்து, பேரேட்டில் பதமான தலைப்பைத் திறந்து, நிறுத்தாமல் எழுதுங்கள். சரி பார்க்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை முதல் பத்தியை அடித்துவிடுங்கள். பத்துக்கு எட்டுத் தடவை அது தொண்டையைச் செருமிக்கொள்வதுதான், கட்டுரை இரண்டாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும். "அந்தக் காலத்தில்", "பொற்காலம்", "மறைந்துவரும்" ஆகிய மூன்றையும் ஒரு மாதத்துக்கு விலக்கிவையுங்கள். அவை வருகிற இடத்தில் ஓர் ஆண்டையோ, விலையையோ, ஆளையோ போட முடிகிறதா பாருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது நேரம் முடிந்தால் அடுத்த வாக்கியம் இன்னதென்று தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள், மறுநாள் உட்கார்ந்ததும் கை ஓடும்.

இதழுக்குப் போகாத மூன்று கட்டுரைகள் எப்போதும் கைவசம் இருப்பாக இருக்க வேண்டும். வீட்டில் கல்யாணமோ காய்ச்சலோ வந்தால் அதிலிருந்து ஒன்று போகும். இருப்பு இரண்டானால் ஈடுகட்டிவிடுங்கள். இதைச் சேர்க்க ஆசிரியரிடம் மூன்று வாரம் விடுப்பு கேட்பது கௌரவக் குறைச்சல் அல்ல. எட்டு வாரம் விடாமல் எழுதியவருக்கு மறுக்க மாட்டார்.

பெட்டியை மட்டும் அயித்தை தூங்குகிற நேரமாகப் பார்த்துத் திறக்காதீர்கள். கேட்டுவிட்டு, அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திறங்கள். ஒவ்வொரு சிட்டையும் யார் கையெழுத்து என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதை அப்போதே, தாளில் எழுதாமல், தனிச் சீட்டில் பென்சிலால் குறித்துச் சிட்டையோடு வைத்துவிடுங்கள். கம்பி கிளிப் போட வேண்டாம், துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும்.